வாசகர் கேள்வி பதில்: எழுதாத தாளில் கையெழுத்து வேண்டாம்

சங்கம், குழு, கூட்டமைப்பு என்று ஏதாவது ஒன்றை நடத்துகிறவர்கள் உங்கள் நிர்வாகக் குழுக் கூட்டங்களைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். நம் குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து தோவாளை வரைக்கும் கடிதம் வந்திருக்கிறது. எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே குறைதான்: கூட்டம் நடக்கிறது, தீர்மானம் போடுகிறோம், வேலை மட்டும் நடக்கவில்லை. ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, எங்கள் பஞ்சாயத்தின் மகளிர் குழுக் கூட்டமைப்புக்கு நான் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கிறேன். நிர்வாகக் குழுவில் பன்னிரண்டு பேர். இந்த ஆண்டு என்ன செய்யலாம் என்று திட்டமிட இரண்டு கூட்டம் போட்டேன். தையல் பயிற்சி, காளான் வளர்ப்பு, வங்கிக் கடன் என்று ஏழு தீர்மானம். எல்லோரும் "சரி சரி" என்றார்கள். மூன்று மாதமாக ஒன்றும் அசையவில்லை. கேட்டால் "அது நீங்க எடுத்த முடிவுதானே" என்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.
— வாசகி, திருவட்டாறு

அவர்கள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் அம்மா. உங்களைக் குத்துவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு தீர்மானத்தில் எத்தனையை நீங்கள் வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனீர்கள்? வருகிறவர்களுடைய நேரம் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். ஆனால் முடிவை முடிந்துகொண்டு போனால் தலையாட்டல்தான் கிடைக்கும்.

நான் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம். அப்போது பல குழுக்களில் ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது: பேச்சு பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்மான நோட்டைச் சுற்றில் விட்டு வெறும் பக்கத்தின் அடியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், மேலே எழுத வேண்டியதைச் செயலாளர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். நானும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை. அன்றைக்கு நோட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அம்மாவிடம் வந்தது. விடியும் முன்னே தோட்டத்துக்குப் போய் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து முடித்துவிட்டு நேராக வந்திருந்தார், விரல் இடுக்கில் காய்ந்த பால் தோல் மாதிரி உரிந்து நின்றது. பேனாவை வாங்கவே இல்லை. பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எழுதாத தாள்ல நான் ஒப்பு போட மாட்டேன் மக்களே. நீ எழுதி வாசி, பொறவு போடுதேன்" என்றார்.

திண்ணையில் ஒரு சத்தம் இல்லை. செயலாளர் முகம் வாடிப்போனது. ஆனால் உட்கார்ந்து எழுதினார், எழுதினதை வாசித்தார், வாசிக்க வாசிக்க "நான் அப்படிச் சொல்லல்லியே", "அந்தத் தொகை வேற" என்று நாலு பேர் திருத்தினார்கள். அந்த நாலு பேரும் அதுவரைக்கும் வாயே திறக்காதவர்கள்! மாவு அரைக்கும் இயந்திரம் வாங்குவது என்று அன்றைக்குப் போட்ட ஒரே தீர்மானம் ஆறு வாரத்தில் நடந்து முடிந்தது. அதற்குப் பிறகு நான் இருக்கிற எந்தக் கூட்டத்திலும் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்க விட்டதில்லை. உங்களுக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். நம்பிக்கை வேண்டும், ஒற்றுமை வேண்டும் என்று எவ்வளவு பேசினாலும், தன் வாயிலிருந்து வந்தது தன் கண் முன்னே எழுத்தாகிறதைப் பார்க்கும்போதுதான் ஒருத்திக்கு அந்தத் திட்டம் தன்னுடையது என்று படும்.

சரி, மூன்றாவது கூட்டத்துக்கு வருவோம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முன்னால் மேஜை வைக்காதீர்கள். பாயை விரித்து வட்டமாக உட்காருங்கள், வங்கிப் புத்தகத்தையும் ரொக்கக் கணக்கு நோட்டையும் நடுவில் திறந்து வையுங்கள், கை மாறிப் போகட்டும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் படித்துப் பார்க்கட்டும். முதலில் நீங்கள் பேசுங்கள், ஆனால் புதுத் திட்டத்தைப் பற்றி வேண்டாம். "ஏழு தீர்மானம் போட்டோம், அதில் நான் ஏற்ற இரண்டை நானே முடிக்கவில்லை, காரணம் இது" என்று சொல்லுங்கள். தலைமையில் இருக்கிறவள் தன் பாக்கியை முதலில் எடுத்து வைத்தால் மற்றவர்களுக்கும் மறைக்கத் தோன்றாது.

அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "அடுத்த வருஷம் இந்நேரம் எது மாறியிருந்தால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும்?" உடனே பதில் கேட்காதீர்கள். இரண்டிரண்டு பேராகத் திரும்பி உட்கார்ந்து பத்து நிமிடம் பேசட்டும். பன்னிரண்டு பேருக்கு முன்னால் நாக்கு எழாத பெண் பக்கத்தில் இருக்கிறவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள், பிறகு அந்தப் பக்கத்துக்காரி அதைச் சபையில் சொல்லட்டும். வருகிற யோசனைகளில் மூன்றுக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளின் பெயர் வேண்டும், "குழு செய்யும்" என்று எழுதினால் யாரும் செய்யப்போவதில்லை. ஆனால் அந்தப் பெயரை நீங்கள் சொல்லக் கூடாது. "இதை யார் எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட அமைதி ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், இடையில் புகுந்து "சரி நானே செய்றேன்" என்று சொல்லிவிடாதீர்கள், நம் பெண்களில் பாதிப் பேர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். யாருமே எடுக்காவிட்டால் அந்த வேலையை இந்த ஆண்டுக்கு விட்டுவிடுங்கள், விட்டோம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

எடுக்கிறவளிடம் "உனக்கு என்ன வேணும்?" என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். வங்கிக்குப் போக ஏற்றவளுக்குத் தக்கலைக்குப் பஸ் காசு வேண்டியிருக்கும், கூட ஒரு ஆள் வேண்டியிருக்கும், மேலாளரிடம் என்ன பேசுவது என்று யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்காமல் பொறுப்பை மட்டும் தலையில் வைத்தால் அவள் அடுத்த கூட்டத்துக்கே வர மாட்டாள். கடைசியில் "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்காதீர்கள், அதற்குச் சம்மதம் என்ற பதில்தான் வரும். "இதில் எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். வருகிற மறுப்பையும் சொன்னவர் பெயரோடு எழுதுங்கள்.

குழுக்களுக்கு ஐந்து பழக்கம் சொல்லித் தருவோமே, தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்குக் கணக்கு எழுதுவது என்று, அதைக் குழுவில் கடைப்பிடிக்கிற பெண்களே கூட்டமைப்புக்கு வந்ததும் ஐந்தாவதை மறந்துவிடுகிறார்கள். கூட்டமைப்பின் கணக்கு என்பது பணம் மட்டுமில்லை, யார் எதை ஏற்றார் என்பதும்தான். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்தை வாசித்துத் தொடங்குங்கள்.

கூட்டத்தில் சாயா, ரசவடைக்குச் சங்கப் பணத்தைச் செலவு செய்யலாமா? எங்களில் ஒருவர் இதற்காகவே சண்டை போடுகிறார்.
— வாசகர், திங்கள்நகர்

செய்யலாம். ஆண்டின் முதல் கூட்டத்திலேயே ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு என்று தொகை பேசி எழுதிக்கொள்ளுங்கள், பில்லை நோட்டில் ஒட்டுங்கள். சண்டை போடுகிறவரையே அந்தச் செலவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், தண்டனையாக இல்லை, காசில் அக்கறை உள்ள ஆள் அவர்தான் என்பதால்.

எங்கள் சங்கத்தில் நிர்வாகிகள் பதினைந்து பேர், பெரும்பாலும் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள். போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். கரையில் இருக்கிற ஐந்தாறு பேர் கூடி முடிவெடுக்கிறோம். வந்தவர்கள் "எங்களைக் கேட்டீங்களா?" என்கிறார்கள். சங்கம் இரண்டாகப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், தூத்தூர்

அவர்கள் கேட்பது நியாயம்தான் அண்ணா. கடலில் இருக்கிறவனுக்கு நெட்வொர்க் கிடைக்காது, வாட்ஸப்பில் போட்டோமே என்று சொல்வதில் அர்த்தம் இல்லை.

உங்கள் ஆண்டுத் திட்டத்துக்கான நாளைக் கடலே குறித்துக் கொடுத்திருக்கிறது. நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கேரளத் துறைமுகங்களிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கு அங்கே ஜூன் 9 நள்ளிரவுக்குத்தான் தொடங்கும், அதனால் ஜூன் கடைசி வாரம் வைத்தால் எல்லாப் படகும் கட்டியிருக்கும், ஆட்களும் வீட்டுக்கு வந்து வலையை, எஞ்சினைப் பார்க்கிற நேரம். பெரிய முடிவு எல்லாம் அங்கே. இரண்டாவது கூட்டம் கிறிஸ்துமஸை ஒட்டி, எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஊருக்கு வந்துவிடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில் கரையில் இருக்கிறவர்கள் எதை முடிவு செய்யலாம், எவ்வளவு வரைக்கும் செலவு செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அந்த ஜூன் கூட்டத்தில் பதினைந்து பேரும் சேர்ந்து எழுதிவிடுங்கள். எல்லை தெரிந்துவிட்டால் "என்னைக் கேட்டியா?" என்ற கேள்வியே பெரும்பாலும் வராது, ஏனென்றால் எதைக் கேட்காமல் செய்யலாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இன்னொன்று, இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கடலுக்குப் போன நிர்வாகிக்குப் பதிலாக அவர் வீட்டுப் பெண் கூட்டத்துக்கு வரட்டும், ஓரமாக உட்காருவதற்கில்லை, அவருக்குள்ள அதே குரலோடு. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, டீசல் பாக்கி எங்கே என்பதெல்லாம் வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். 2017 நவம்பர் 30-ல் ஓகி புயல் அடித்த பிறகு டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள்! ஊருக்கு ஆபத்து வந்த நாளில் முன்னால் வந்து நின்றவர்களைத் திட்டம் போடுகிற நாளில் ஏன் கூப்பிடுவதில்லை என்று நான் எத்தனையோ சங்கங்களில் கேட்டுவிட்டேன், நேரான பதில் இதுவரை வரவில்லை. நீங்களாவது தொடங்குங்கள் அண்ணா.

எங்கள் படிப்பகத்தின் பழைய தலைவர் மரியாதைக்குரியவர். ஆனால் எந்தக் கூட்டமானாலும் ஒரு மணி நேரம் அவரே பேசுகிறார். இளைஞர்கள் ஒவ்வொருவராக நழுவிவிடுகிறார்கள். எப்படிச் சொல்வது?
— வாசகர், நாகர்கோவில்

சபையில் வைத்துச் சொல்லாதீர்கள் தம்பி, அது அவரை உடைத்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். "அண்ணாச்சி, நாளைக்கு முதல் பத்து நிமிஷம் உங்களுக்கு, படிப்பகம் தொடங்கினப்போ பணம் எப்படிச் சேர்த்தீங்க என்று பிள்ளைகளுக்குச் சொல்லணும், அப்புறம் அவங்க பேசறதை நீங்க கேட்டுக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லணும்" என்று கேளுங்கள். தன்னை மறந்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் முக்கால்வாசிப் பெரியவர்கள் நீளமாகப் பேசுகிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனாலும் அன்றைக்கு விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று கூட்டத்தில் அவரே பழகிவிடுவார்.

நாங்கள் தேனீ வளர்க்கிறவர்கள் இருபது பேர் சேர்ந்து தேனைக் கூட்டாக விற்க நினைக்கிறோம். ஆனால் யாரிடம் எத்தனை பெட்டி, எந்தத் தோட்டத்தில் வைத்திருக்கிறார், என்ன விலைக்குக் கொடுக்கிறார் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. மூன்று கூட்டம் வெறும் பேச்சிலேயே போனது.
— வாசகர், மார்த்தாண்டம்

ரகசியத்தை முதல் கூட்டத்திலேயே கேட்டால் யார் சொல்வார்கள்? ஒரு நல்ல ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைக்க இடம் கிடைக்கப் பல வருடப் பழக்கம் வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லிவிட்டால் அடுத்த சீசனில் பக்கத்துக்காரன் பெட்டி அங்கே நிற்குமோ என்ற பயம் பொய்யான பயம் இல்லை. அதனால் எதைச் சொன்னால் நஷ்டம் இல்லையோ அங்கிருந்து தொடங்குங்கள்.

ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கிற ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும்தான் உங்களுக்குத் தேன் காலம், அப்போது கூட்டமே போடாதீர்கள், எல்லோரும் போட்டிக்காரர்களாக இருக்கிற நேரம் அது. ஜூனில் மழை பிடித்த பிறகு எல்லோருடைய பெட்டியிலும் தேனீ பசியோடு இருக்கும், எல்லோரும் சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருப்பீர்கள். அப்போது உட்காருங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரே விஷயம், சர்க்கரையை மொத்தமாக வாங்குவது. யாருக்கு எத்தனை கிலோ என்று சொல்லும்போதே பெட்டிக் கணக்கு பாதி வெளியே வந்துவிடும், யாரும் கேட்காமலேயே. அதை நேர்மையாக வாங்கி, ரசீதோடு பிரித்துக் கொடுத்துவிட்டால் அடுத்தது பெட்டி, மரம் என்று போகலாம். தேனுக்கு அதற்குப் பிறகு வாருங்கள்.

தேனில்தான் பெரிய சோதனை. ஒருத்தர் அவசரப்பட்டு, தேனீ மெழுகால் இன்னும் மூடாத அடையிலிருந்து தேனை எடுத்து ஊற்றினால் ஈரம் அதிகமாகிப் பொது டிரம்மே புளித்துப்போகும், பத்தொன்பது பேருடைய உழைப்பும் போகும். ஈரப்பதம் பார்க்கிற கருவி ஒன்று வாங்குங்கள், கையடக்கமானது போதும், ஒவ்வொருத்தர் கேனிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து எல்லோர் முன்னாலும் பார்த்து எழுதுங்கள், தலைவர் கேனை முதலில் பாருங்கள். எவ்வளவு ஈரத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவது என்பதைத் தேன் எடுக்கும் முன்பே, மழைக்காலத்திலேயே பேசி முடித்திருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படப்போவது யாருடைய தேன் என்று தெரியாத நேரத்தில்தான் விதியை நியாயமாகப் போட முடியும்.

உங்கள் ஊருக்கு இது புதுசு ஒன்றும் இல்லை. 1920-களிலேயே ஒய்எம்சிஏ கிராமப் புனரமைப்பு மையத்தில், அதை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில், பெட்டியில் தேனீ வளர்க்கவும் கூடி விற்கவும் மார்த்தாண்டத்தில் கற்றுக்கொடுத்தார்கள். 1991-92-ல் வைரஸ் நோய் வந்து கூடு கூடாகத் தேனீக்கள் செத்தபோது தொழிலே போனது என்று நினைத்தவர்கள் உங்கள் இருபது பேரில் ஓரிருவராவது இருப்பார்கள், அவர்களைப் பேசச் சொல்லுங்கள். 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் ஊர் முழுக்கவும் சேர்ந்தது, ஒருத்தர் கலப்படம் செய்தால் எல்லோருக்கும் கெடும், எனவே பெட்டி இடம் ரகசியமாக இருந்தாலும் தரம் ரகசியமாக இருக்க முடியாது என்பதை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டால் இந்த ஆண்டுக்குப் போதும்.

சானல் பாசன விவசாயிகள் நாங்கள். மேல்பகுதிக்காரர்கள் ஒரு பக்கம், கடைவரம்புக்காரர்கள் ஒரு பக்கம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கத்தல்தான். முதல் போகமான கன்னிப்பூ சாகுபடிக்கு முன்னால் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.
— வாசகர், பூதப்பாண்டி

மண்டபத்தில் உட்கார்ந்தால் கத்தல்தான் வரும். மே மாதம், அணை திறக்கும் முன்பே, சானல் காய்ந்து கிடக்கிற நாளாகப் பார்த்து மேல்பகுதியில் ஐந்து பேர், கடைவரம்பில் ஐந்து பேர், முடிந்தால் நீர்வளத்துறை பொறியாளரையும் கூப்பிட்டுக்கொண்டு கரையோடு நடந்து போங்கள். அதிகாலையில் கிளம்புங்கள், மே வெயிலில் பத்து மணிக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. மேலிருந்து கீழே நடக்கக் கூடாது, கடைவரம்பிலிருந்து மேலே நடக்க வேண்டும், அதுதான் முக்கியம். தண்ணீர் வந்து சேராத வயலில் முதலில் நின்றுவிட்டு, எங்கே ஆகாயத்தாமரை, எங்கே மண் தூர்ந்திருக்கிறது, எந்த மடையின் ஷட்டர் உடைந்திருக்கிறது, எங்கே கரை உடைத்துக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே மேலே ஏறினால், பாதி வழியிலேயே மேல்பகுதிக்காரருடைய பேச்சு மாறும். மேல்பகுதிக்காரர் எடுக்கிற தண்ணீரை விடத் தூரில் நின்றுபோகிற தண்ணீர் அதிகம் என்று கடைவரம்புக்காரருக்கும் தெரியவரும்.

நடந்து முடிந்த இடத்தில் ஒரு மர நிழலில் உட்காருங்கள், அங்கேயே கூட்டம். யார் எந்த இடத்தில் தூர் எடுப்பது, எதற்குத் துறையிடம் மனு கொடுப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடும்போது இரு பக்கமும் யார் போய்ப் பார்ப்பது, இந்த மூன்றும் போதும். நோட்டையும் பேனாவையும் கடைசி வயல்காரர் கையில் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதினதை முதல் மடைக்காரர் எல்லோரும் கேட்கச் சத்தமாக வாசிக்கட்டும். அதற்குப் பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.